பிள்ளைகளும் திறன்பேசியும்: கண்ணாடிக் கடையில் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பது என் வேலை. பள்ளி விடுமுறை தொடங்கினால் பெற்றோர் வரிசையாக வருவார்கள். பிள்ளை சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், அம்மா கேள்விமேல் கேள்வி கேட்பார், அப்பா வாசல் பக்கம் நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே கேள்வியை ஒரே நாளில் நான்கு பேர் கேட்ட பிறகு, ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. கேள்விகளை அவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். பலர் என்னை டாக்டர் என்று அழைக்கிறார்கள், நான் டாக்டர் இல்லை. அதனால் கண்ணைத் தாண்டிய விஷயங்களில் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும்.

"போன் பார்த்தா நிஜமாவே கண்ணு கெட்டுப்போயிடுமா? இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?"

ஒரு நாள் இரண்டு மணி நேரம் கார்ட்டூன் பார்த்ததால் யாருக்கும் கண் போய்விடாது. திரையின் வெளிச்சம் கண்ணைச் சுடுவதும் இல்லை. பிள்ளை அதை எவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது, அந்த நேரத்தில் வேறு எதைச் செய்யாமல் விடுகிறது, இந்த இரண்டையும்தான் நான் கவனிப்பேன். கீழே உள்ள பாதிப் பதில்கள் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது கிட்டப்பார்வை. கிட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியும், தூரத்தில் உள்ளது மங்கும். வகுப்பில் வெண்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். ஆசிரியர் சொல்லித்தான் பல பெற்றோருக்கு விஷயமே தெரியவரும்.

"எங்க காலத்துல நாள் முழுக்க டிவி பார்த்தோமே, எங்களுக்கு ஒன்னும் ஆகலையே?"

தூரத்தைக் கணக்கில் எடுங்கள். டிவி மூன்று மீட்டர் தள்ளி இருந்தது. பிள்ளை போனை 20 சென்டிமீட்டரில் வைத்துக்கொள்கிறது. அந்தத் தூரத்தில் தெளிவாகப் பார்க்க, மூன்று மீட்டரில் பார்ப்பதைப்போல 15 மடங்கு வேலையைக் கண்ணின் குவிக்கும் தசை செய்யவேண்டும். படுத்துக்கொண்டு பார்த்தால் தூரம் இன்னும் குறையும்.

அப்புறம், அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒரு நேரத்தில் முடிந்தது. செய்தி வந்ததும் பிள்ளைகள் தாமாகவே எழுந்து ஓடினோம். இன்றைய காணொளி முடிவதே இல்லை, அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது.

"பவர் 200 எல்லாம் சின்னதுதானே? கண்ணாடி போட்டா சரியாயிடும்ல?"

இங்கே பேச்சில் 200 என்றால் சீட்டில் -2.00 டயாப்டர் என்று பொருள். கண்ணாடி போட்டால் பார்வை தெளிவாகும், கண் பழைய நிலைக்குத் திரும்பாது. கிட்டப்பார்வை என்றால் பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக நீண்டுவிட்டது என்று பொருள். பிறந்த குழந்தையின் கண் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம், பெரியவர்களுக்கு 24 மில்லிமீட்டர் அளவில் நிற்கவேண்டும். அதைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ஏறக்குறைய 250 பவர் வந்துவிடும். நீண்ட கண் மறுபடி சுருங்காது. கண்ணாடி என்பது வெளிச்சத்தைச் சரியான இடத்தில் விழவைக்கும் வேலை மட்டும்தான்.

எனக்கு 200 என்ற எண்ணைவிட அது எந்த வயதில் வந்தது என்பதுதான் கவலை. 16 வயதில் 200 என்றால் அநேகமாக அதற்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். 7 வயதில் 200 என்றால் இன்னும் பத்து வருட வளர்ச்சி பாக்கி இருக்கிறது. 600ஐத் தொட்டுவிட்டால் அதை உயர் கிட்டப்பார்வை என்போம். விழித்திரை இழுபட்டு மெலிந்து போகும். நடுவயதில் விழித்திரை கழன்றுகொள்வது, கண் அழுத்த நோய், மையப் பார்வை பாதிப்பு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும்.

"எனக்கும் கண்ணாடி, அவருக்கும் கண்ணாடி. அப்போ பரம்பரைதானே, போனைக் குத்தம் சொல்லி என்ன பண்றது?"

பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் பரம்பரை இவ்வளவு வேகமாக மாறாது. ஒரு தலைமுறைக்குள் கிழக்காசிய நகரங்களில் கண்ணாடி போட்ட பிள்ளைகள் பெருகியதற்கு வாழும் முறைதான் காரணமாக இருக்கமுடியும். 2050க்குள் உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. உங்கள் வீட்டில் இருவருக்குமே கண்ணாடி என்றால், மற்ற வீடுகளைவிட நீங்கள்தான் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

"நீல ஒளியைத் தடுக்கிற கண்ணாடி வாங்கிப் போட்டுட்டா போதுமாக்கா?"

கடைக்காரியாக நான் இதற்கு 'ஆமாம்' என்று சொன்னால் எனக்கு லாபம். சொல்லமாட்டேன். பகல் வெளிச்சத்தில் இருக்கும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் போனிலிருந்து வருவது மிகக் கொஞ்சம். 2023இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, இந்தக் கண்ணாடிகளால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தக் காசுக்கு ஒரு பூப்பந்து மட்டை வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, காரணம் அடுத்த பதிலில்.

"வெளியில விளையாடினா பவர் வராதுன்னு சொல்றாங்களே, அது எப்படி?"

வெளிச்சம்தான் காரணம் என்று நம்புகிறார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக் கூடத்தில் விளக்கைப் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெளியே திறந்தவெளியில் பத்தாயிரம் லக்ஸுக்கு மேல் போகும், மரநிழலிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமின் என்ற பொருளை அதிகம் சுரக்கிறது, அது கண் நீள்வதற்குக் கடிவாளம் போடுகிறது என்பது இப்போதைய விளக்கம். வெளியே பார்வை தூரத்துக்குப் போவதும் உதவக்கூடும்.

சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 விழுக்காடு. இது 2015இல் வெளியானது. தைவான் 2010இலிருந்தே பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே விடும் திட்டத்தை நடத்துகிறது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும்: பவர் வராமல் தள்ளிப்போடுவதில் வெளிவெளிச்சம் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது, வந்துவிட்ட பவரை நிறுத்துவதில் அவ்வளவு இல்லை. அதனால் ஆறு வயதுக்கு முன்னாலேயே இந்தப் பழக்கம் தொடங்கவேண்டும்.

"நாங்க பிளாட்டுல 14ஆவது மாடி. மத்தியானம் வெயில் கொளுத்துது, சாயங்காலம் மழை. எங்க போய் விளையாடறது?"

நியாயமான கேள்வி. உச்சி வெயில் தேவையே இல்லை. நிழல் போதும், தொப்பி போடலாம். நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள், அதனால் கோலாலம்பூரில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிவரை பகல் இருக்கிறது. ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். குளிர்காலம் என்று ஒன்று இல்லாத ஊரில் பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்திலேயே வளர்வது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

தொடர்ச்சியாக இரண்டு மணி நேரம் வேண்டாம், துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்குதான். பள்ளி ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே நிற்பது, டியூஷனுக்கு நடந்து போவது, ஞாயிற்றுக்கிழமை பேரங்காடிக்குப் பதில் தித்திவங்சா ஏரிக்கோ பெர்டானா தாவரவியல் பூங்காவுக்கோ போவது, எல்லாம் சேரும். புகைமூட்ட மாதங்களில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளில் வீட்டிலேயே இருங்கள்.

"பவரைக் கொஞ்சம் கம்மியா போட்டுக் கொடுங்க, கண்ணு தானாப் பழகிடும்."

இதை நான் மாதத்துக்குப் பத்து முறையாவது கேட்கிறேன், பாட்டிமார்தான் அதிகம். இதற்குப் பதில் நம்ம நாட்டிலேயே இருக்கிறது. மலேசியப் பிள்ளைகள் 94 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சரியான பவரும் இன்னொரு பிரிவுக்கு வேண்டுமென்றே குறைத்த பவரும் கொடுத்து இரண்டு வருடம் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. சரியான பவர் போட்டவர்களுக்கு 77 ஏறியிருந்தது, குறைத்துப் போட்டவர்களுக்கு 100. கண் பழகவில்லை, இன்னும் வேகமாகத்தான் ஓடியது. ஆகவே, கம்மியாகப் போட்டுக் கொடுக்கமாட்டேன், கோபிக்காதீர்கள்.

"கேரட், முருங்கைக்கீரை குடுத்தா பவர் இறங்குமா?"

இறங்காது. கீரை நல்லது, கொடுங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் வேறு கண்நோய்கள் வரும், ஆனால் நீண்ட கண்ணைக் கீரை சுருக்காது.

"புத்தகம் படிச்சாலும் கிட்டத்துலதானே பார்க்கணும்? அப்போ படிக்காதேன்னு சொல்லவா?"

இதைக் கேட்டவர் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நன்றாக மடக்கினார். உண்மைதான், கண்ணுக்குப் புத்தகமும் போனும் இரண்டும் 'கிட்டத்து வேலை'. போனுக்கு மட்டும் தனியாக எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் பிள்ளை புத்தகத்தைப் பொதுவாகப் போனைவிடத் தள்ளித்தான் பிடிக்கும். பக்கம் திருப்பும், ஜன்னலைப் பார்க்கும், அலுத்துப்போய் மூடிவைக்கும். போன் அலுப்பதே இல்லை.

இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான்: முழங்கையிலிருந்து விரல் முட்டிவரை உள்ள தூரம். கன்னத்தில் கைமுட்டியை வைத்தால், முழங்கை இருக்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் புத்தகமோ போனோ வரக்கூடாது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 விநாடி, ஆறு மீட்டருக்கு அப்பால் எதையாவது பார்க்கவேண்டும். மாடி வீட்டுக்காரர்களுக்கு இது சுலபம், ஜன்னல் வழியாக எதிர் பிளாட்டில் காயும் துணிகளை எண்ணச் சொல்லுங்கள்.

"போன் பார்த்துட்டு கண்ணைக் கசக்கிக்கிட்டே இருக்கான். எரியுதுங்கிறான்."

திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15, 20 முறை சிமிட்டவேண்டிய கண் காய்ந்துபோகிறது. குளிர்சாதன அறை, முகத்துக்கு நேராகச் சுழலும் விசிறி இரண்டும் இன்னும் காயவைக்கும். போனைக் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைப்பது, இடைவெளி விடுவது, விசிறியைத் திருப்பிவைப்பது, பெரும்பாலும் இவ்வளவே போதும். நீங்களாக மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். சிவப்பை உடனே போக்கும் சில சொட்டுகளில் ஸ்டீராய்டு இருக்கும், அதைத் தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறும்.

"ஒரு கண்ணு திடீர்னு உள்பக்கமாப் போகுது. போட்டோவுலதான் பார்த்தேன். இதுவும் போனாலயா?"

இருக்கலாம். தென்கொரியாவில் 7 முதல் 16 வயதுவரை உள்ள 12 பிள்ளைகளுக்குத் திடீரென இப்படி வந்ததை 2016இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அத்தனை பேரும் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல், முகத்துக்கு வெகு அருகே போன் பார்த்தவர்கள். போனை நிறுத்தியதும் மாறுகண் அளவு குறைந்தது, சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

ஆனால் இதைப் போன் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். திடீர் மாறுகண், ஒன்று இரண்டாகத் தெரிவது, கூடவே தலைவலி அல்லது வாந்தி, இவற்றுக்கு மூளை சம்பந்தப்பட்ட காரணமும் இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வரவேண்டாம்.

"ராத்திரி பத்தரை ஆகியும் தூங்க மாட்டேங்குறா. காலையில எழுப்பறதே பெரிய போராட்டம்."

6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், பதின்ம வயதினருக்கு 8 முதல் 10. பள்ளி வேனுக்காக ஐந்தே முக்காலுக்கு எழுப்புகிறீர்கள் என்றால் எட்டே முக்காலுக்குள் தூங்கியிருக்கவேண்டும், அதுவும் குறைந்தபட்சக் கணக்கில். இதைச் சொன்னதும் பெற்றோர் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நீல ஒளி கண்ணைக் கெடுக்காது என்று மேலே சொன்னேன், ஆனால் தூக்கத்துக்கு ஓரளவு பொருந்தும். இரவில் வெளிச்சம், தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் சுரப்பைத் தடுக்கிறது, சிறுபிள்ளைகளின் கண் அதிக வெளிச்சத்தை உள்ளே விடுவதால் அவர்களுக்குப் பாதிப்பு கூடுதல். அதைவிட, விளையாட்டில் அடுத்த கட்டம் போகவேண்டும் என்ற துடிப்புதான் தூங்கவிடாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போன் அறையைவிட்டு வெளியேறவேண்டும். 'அலாரத்துக்கு வேணும்' என்பார்கள். சாதாரணக் கடிகாரம் 15 ரிங்கிட்டுக்கே கிடைக்கும்.

"போன் காட்டினாத்தான் சாப்பிடுறான். இல்லன்னா வாயே திறக்க மாட்டான்."

அப்போது அவன் சாப்பிடவில்லை, நீங்கள் ஊட்டுகிறீர்கள், அவன் பார்க்கிறான். வயிறு நிறைந்ததைக் கவனிக்கும் பழக்கமே பிள்ளைக்கு வராது. சிலர் குறைவாகச் சாப்பிடுவார்கள், பலர் அதிகமாக. 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இதை முழுக்கப் போன் தலையில் கட்டமுடியாது, மைலோ ஐஸுக்கும் ரொட்டி சானாய்க்கும் பங்கு உண்டு. ஆனால் உட்கார்ந்தே இருக்கும் மணிநேரங்கள், முறுக்கு டப்பாவோடு சேர்ந்த திரை, குறைந்த தூக்கம், மூன்றும் எடையை ஒரே பக்கம்தான் தள்ளும்.

நிறுத்தினால் மூன்று நாள் அழுவான். நான்காம் நாள் பசிக்கும்.

"கழுத்து வலி, கட்டைவிரல் வலின்னு சொல்றா. பத்து வயசுல இதெல்லாம் வருமா?"

வரும். குனிந்தபடியே இருந்தால் தலையின் பாரத்தைக் கழுத்துத் தசைதான் தாங்கவேண்டும். நிமிர்ந்து உட்கார்வதும், அரை மணிக்கு ஒருமுறை எழுவதும், போனை மடியிலிருந்து மேசைக்கு உயர்த்துவதும் உதவும். கை மரத்துப்போனாலோ, ஓய்வு கொடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேல் வலி நின்றாலோ கிளினிக்குக்குப் போங்கள். காதில் செருகும் ஒலிப்பான்களையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். பக்கத்தில் நிற்கும் உங்களுக்கே பாட்டு கேட்டால் அது அதிகம்.

"போன் கதிர்வீச்சால மூளையில கட்டி வருமாமே?"

2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, போன் கதிர்வீச்சைப் புற்றுநோய்க்குச் 'சாத்தியம் இருக்கலாம்' என்ற பட்டியலில் சேர்த்தது, அந்தச் செய்திதான் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டு 2024இல் வெளியான பெரிய மதிப்பாய்வில், மூளைப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. கவலைப்பட வேறு விஷயங்கள் மேலே நிறைய இருக்கின்றன.

"சரி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? ஒரே நம்பரா சொல்லுங்க."

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்கு முன் வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. ஐந்து வயதுக்கு மேல் ஒரே நம்பர் கிடையாது. அதற்குப் பதில் அவர்கள் கேட்பது தினமும் சராசரி 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும்.

நான் சொல்வது தலைகீழ்க் கணக்கு. 24 மணி நேரத்தில் முதலில் தூக்கத்தைக் கழியுங்கள். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம், சாப்பாடு, குளியல், வெளியே விளையாட்டு எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் போனுக்கு. பள்ளி நாளில் பெரும்பாலும் அரை மணிகூடத் தேறாது.

"வீட்டுப்பாடமே வாட்ஸ்அப்புலதான் வருது. அதை என்ன பண்றது?"

அதைக் கழிக்கமுடியாது, தூரத்தை மாற்றலாம். பழைய மடிக்கணினி இருந்தால் அதில் திறந்து கொடுங்கள், டிவியோடு இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் கேள்வியை நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனை வாங்கிவிடுங்கள். வீட்டுப்பாடம் என்று கொடுத்த போன் பத்து நிமிடத்தில் வேறு எங்கோ போயிருக்கும், அது உங்களுக்கே தெரியும்.

"அட்ரோப்பின்னு ஒரு சொட்டு மருந்து பவரை நிறுத்துமாமே? அதைப் போட்டுட்டு போன் பார்க்கவிடலாமா?"

நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பல வருடம் ஆராய்ந்த மருந்து. மிகக் குறைந்த அடர்த்தியில், கண் மருத்துவர் எழுதிக்கொடுத்துத் தினமும் இரவில் போடவேண்டும். அடர்த்தி கூடினால் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கும். திடீரென விட்டால் பவர் வேகமாக ஏறுவதும் உண்டு. பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி வில்லைகளும், தூங்கும்போது போடும் கடின வில்லைகளும் இருக்கின்றன, விலை அதிகம். ஒரு பக்கம் கடிவாளம் போட்டுக்கொண்டே மறுபக்கம் சாட்டையால் அடிக்கும் கதையாகிவிடக்கூடாது.

"நீங்க உங்க பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் குடுக்கிறீங்க? உண்மையைச் சொல்லுங்கக்கா."

எனக்கு இரண்டு பேர். மூத்தவளுக்கு 11 வயது, பவர் 150. அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது கடையின் பின்னறையில் போனைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, நான் முன்னால் மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பவர் 425, அதனால் அந்த 150 என்னிடமிருந்து வந்ததா, பின்னறையிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சின்னவனுக்கு ஏழு வயது, இன்னும் பவர் இல்லை. ஏழரை மணிக்கு வீட்டுப் போன்கள் எல்லாம் குளிர்பெட்டிமேல் ஏறிவிடும், என்னுடையதும்தான். சனி, ஞாயிறு ஒரு மணி நேரம் என்று பேச்சு. போன ஞாயிறு மூன்று மணி நேரம் பார்த்தான். மழை.